படகில் யார் எந்தப் பக்கம்

எங்கள் கண்மாயில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லாத ஓர் ஆவணி மாதத்தில் என் வீட்டுக்காரர் லாரியில் படகு ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எழுபதுகளின் கடைசி அது. லாரி கண்மாய்க்குள்ளேயேதான் வந்தது. அப்போது எங்கள் ஊருக்கு வேறு பாதை கிடையாது. டி. கல்லுப்பட்டி போகிற ரோடு கண்மாய்க்கு மேற்கே இருந்தது, நாங்கள் கிழக்கே இருந்தோம். கோடையில் கண்மாய்க்குள் இறங்கி வண்டித்தடத்தோடு நடந்தால் எதிர்க்கரை வந்துவிடும். மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால் தெற்கே உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கில் மறுகால் பாயும், வடக்கே வரத்துக்காலில் தண்ணீர் ஆளை இழுக்கும். இரண்டு பக்கமும் போக முடியாது. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும், உப்பு புளி வாங்கக்கூட மறுகால் எப்போது குறையும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

லாரியைச் சுற்றி ஊரே கூடிவிட்டது.

“மாப்ள, படகு சரி. தண்ணியையும் கூடவே ஏத்திட்டு வந்திருக்கலாம்ல?” என்றார் ஒருவர்.

“அது அடுத்த லோடுல வருது மச்சான்,” என்றார் இவர்.

இவரை ஊரில் எல்லோருமே மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்கு ஒரே பெண் நான். அதனால் இவர் எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்தவர் என்று பேர்தானே தவிர, இருந்தது முக்கால்வாசியும் தூத்துக்குடியில். இளவட்ட வயதிலிருந்தே அங்கே தோணியில் வேலை. வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வருவார்கள். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் நானும் இரண்டு ஆடுகளும்தான்.

படகை இறக்கி வைத்த அன்று சாப்பிடும்போது சொன்னார். “தண்டல்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். தை வரைக்கும் எம் இடத்துல வேற ஆளு போட மாட்டாரு. அதுக்குள்ள இந்தப் படகு ஊருக்குள்ள நிலைச்சுச்சுன்னா இங்கயே இருந்துருவேன். நிலைக்கலைன்னா வித்துட்டுத் தோணிக்கே போயிருவேன். வேலை வெட்டி இல்லாம மாமனார் வீட்டுச் சோத்தத் திங்க எனக்கு ஆகாது.” தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர்.

நான் குழம்பை ஊற்றினேன். இருங்கள் என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. புருஷனிடமே வராது என்றால் மற்றவர்களிடம் கேட்கவே வேண்டாம். அந்தப் படகு நிலைக்க வேண்டும் என்று மட்டும் மனசில் போட்டுக்கொண்டேன்.

படகு வைத்திருப்பது மாடு வைத்திருப்பது போல என்று எனக்கு அப்போது தெரியாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பார்க்க வேண்டும். கடற்கரையில் எப்போதும் ஈரத்திலேயே கிடந்த மரம், எங்கள் ஊர்க் காற்றுப் பட்டதும் காய ஆரம்பித்தது. பத்து நாளில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுனி போகிற அளவு சந்து விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் மாட்டு வண்டி செய்கிற ஆசாரி வந்து பார்த்தார். “இம்புட்டு சந்தா? ரெண்டு பக்கமும் சிலாகை வச்சு ஆப்பு அடிச்சிருவோம் மாப்ள, அசையாது,” என்றார். ஆசாரிக்குப் படகில் ஏதாவது செய்துபார்க்க ஆசை.

இவர் வேண்டாம் என்றுவிட்டார். காய்ந்திருக்கும்போது இறுக்கி அடைத்தால், தண்ணீரில் ஊறி மரம் பெருக்கும்போது பெருக்க இடம் இல்லாமல் ஆணியைப் பிடுங்கிவிடுமாம். பஞ்சைத் திரியாகத் திரித்துச் சந்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். குங்கிலியத்தைப் பொடி செய்து எண்ணெயில் காய்ச்சி அதன் மேல் பூச வேண்டும். திரி திரிக்கிற வேலை எனக்கு. கோயில் விளக்குக்குத் திரித்த கைதான், ஆனால் இது கட்டைவிரல் தடிமன். வெளிப்பக்கத்துக்கு மீன் எண்ணெய் தடவினார். அந்த நாற்றம் புரட்டாசி முடிகிற வரை தெருவை விட்டுப் போகவில்லை. பெருமாளுக்கு விரதம் இருக்கிற மாதத்தில் இப்படியா என்று இரண்டு மூன்று வீடுகளில் சண்டைக்கே வந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் படகின் மேல் சாக்கை விரித்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது என் வேலையாகிவிட்டது. “பயிருக்குத் தண்ணி ஊத்துவாக, மாட்டுக்குத் தண்ணி காட்டுவாக. இவ என்னடான்னா மரத்துக்கு ஊத்துறா,” என்று கிணற்றடியில் சிரிப்பார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தபடி வந்துவிடுவேன்.

பாய் தைப்பதற்குத் துணி வாங்க இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம். கெட்டிக் காடாத் துணி கிடைத்தது. கயிறு வாங்கக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு முஸ்லிம் பாயின் கடைக்குப் போனோம். இவர் ஒவ்வொரு கயிற்றையும் முறுக்கைப் பிரித்துப் பார்த்து, எச்சில் தொட்டுப் பார்த்து எடுத்தார். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்ன ஆத்தா, வைகையில கப்பல் விடப் போறீகளா?” நான் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். இவர்தான், “வைகை எங்களுக்குப் பத்தாது பாய்,” என்றார். கடைக்காரர் சிரித்து, வாங்கிய கயிற்றோடு ஒரு முழம் கூடவே வெட்டிக் கொடுத்தார்.

பாயை நான் கையாலேயே தைத்தேன். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஓரத்தைக் கிழித்துவிடும். தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவர் திட்டம் சொல்வார். எங்கள் கண்மாய் மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் கீழேயுள்ள கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்த கண்மாய்க்குப் போகும். நல்ல மழை வருஷத்தில் படகிலேயே ஒரு கண்மாயிலிருந்து இன்னொரு கண்மாய்க்கு இறங்கி இறங்கிப் போகலாம், நாலு நாள் பயணம், ராத்திரிக்குக் கரையில் கட்டிப் போட்டுச் சோறு பொங்கலாம் என்பார். “திரும்பி எப்படி ஏறி வாரது?” என்று கேட்டேன். அவர் பாயின் ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துக் கொடுத்தார். பிறகு, “மாட்டு வண்டியில,” என்றார்.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. வரத்துக்காலில் செந்தண்ணீர் நுரை தள்ளி வந்தது. கண்மாய் கால்வாசி நிறைந்ததும் இவர் படகைத் தள்ளி இறக்கினார், கல்லை அள்ளி உள்ளே போட்டார், அதைத் தண்ணீருக்குள் மூழ்கடித்தார். மரம் உள்ளும் புறமும் ஊறட்டும் என்றுதான். விடிந்து கரைக்கு வந்தவர்கள் பார்த்தால் படகின் மூக்கு மட்டும் தெரிகிறது.

“ஐயையோ, மாப்ள கப்பல் முழுகிப் போச்சு!” என்று ஒரே சத்தம். ஒரு கிழவி என் வீட்டு வாசலுக்கே வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிழவிக்கும் ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினேன்.

நாலைந்து நாள் கழித்துக் கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்தார். படகு மிதந்தது. ஒரு சந்திலும் கசிவில்லை. ஆசாரி படகுக்குள் கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார்.

முதலில் வைக்கோல் ஏற்றினார். பிறகு ஆடு. பிறகு ஆண்கள் ஏறினார்கள். ஏறுகிற ஆட்களுக்குச் சட்டம் போட்டார்: நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். உட்கார்ந்த பிறகு எந்திரிக்கக் கூடாது. தண்ணீரைப் பார்த்துக் கும்பிடுவதென்றால் உட்கார்ந்தபடியே கும்பிட வேண்டும். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றடைத்த லாரி டியூப் ஒன்று பாய்மரத்தில் கட்டியிருந்தது. நீச்சல் தெரியாதவர்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளக் காய்ந்த சுரைக்குடுக்கைகள் கிடந்தன. தண்ணீர் இறைக்கத் தகர டப்பா. ஆண்களில் ஒருவர்கூடக் குடுக்கையைக் கட்டவில்லை. எல்லோரும் கண்மாயில் நீந்தி வளர்ந்தவர்களாம்.

பெண்கள் மட்டும் ஏறவே இல்லை. பெண்கள் ஏறாவிட்டால் படகு ஊருக்குப் பாதிப் படகுதான். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அவர்கள்தானே. பெண்கள் வசதியாக உட்காரட்டும் என்று இவர் ஒரு வேலை செய்தார். படகில் முதலில் குறுக்குப் பலகைகள் இருந்தன. அதில் ஆணும் பெண்ணும் இடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்று அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு, நீளவாட்டில் இரண்டு பக்கமும் பெஞ்சு போலப் பலகை அடித்தார். டவுன் பஸ்ஸில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் உட்காருகிற மாதிரி. தோணியில் அவர் ஏற்றியதெல்லாம் மூட்டைகள். மூட்டைக்கு ஆண் பெண் கிடையாது. அதனால் அந்த மாற்றத்தில் என்ன வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பார்த்த எனக்கும் நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

கார்த்திகையில் என் பெரியப்பாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெரியப்பாதான் ஊருக்கு அம்பலம், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாப்பிள்ளை வீடு எதிர்க்கரை ஊரில். கல்யாணம் அங்கே. நாள் குறித்தபோது மறுகால் வடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அது வடியவில்லை. பெண்ணையும் சீரையும் கொண்டுபோக வேறு வழி இல்லை என்றானதும் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

“மாப்ள, எம் மகளை உங்க படகுல ஏத்துறேன். நல்லபடியா அக்கரை போய்ச் சேந்துச்சுன்னா இந்தப் படகு ஊருக்குப் பொதுவா ஓடட்டும். ஆனா ஒரு பொம்பளை தண்ணியில நனைஞ்சா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளே படகை லாரியில ஏத்திரணும். சரியா?”

“சரி மாமா,” என்றார் இவர்.

அவர் போன பிறகு இவர் படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், மறுபடி போனார். நான் அன்றைக்குச் சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் முதல் நடையில் பெண்ணும் அவளோடு போகிறவர்களும் சீரும். பெண்ணின் அம்மா, அதாவது என் பெரியம்மா, நான், சித்திமார், அத்தைமார், எல்லோரும் பட்டுச் சேலையில், மடியில் தாம்பாளங்களோடு. ஆண்கள் அதில் பாதிகூட இல்லை. பெரியப்பா, பெண்ணின் தாய்மாமன், பங்காளிகள் இரண்டு பேர், அவ்வளவுதான். மற்ற ஆண்கள் இரண்டாம் நடை. பெண்கள் எல்லோரும் ஏறி இடப்பக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் வலப்பக்கம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, பஸ்ஸில் ஏறியது போல அவரவரே உட்கார்ந்துவிட்டார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். இவர் சுக்கான் பக்கத்தில் நின்றுகொண்டு அதற்கு முன்பே பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

கரையை ஒட்டிக் கழியால் ஊன்றித் தள்ளும்போது ஒன்றும் இல்லை. நடுக்கண்மாயில் கழி எட்டாது. அங்கே பாய்தான் விரிக்க வேண்டும். விரித்தார். வாடைக்காற்று வடக்கேயிருந்து, எங்களுக்கு வலப்பக்கமிருந்து அடித்தது. மேற்கே போகிற படகை அது இடப்பக்கமாகச் சாய்த்தது. ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கம் இன்னும் இறங்கியது. ஓர் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. பெரியம்மா சேலை முழங்கால் வரைக்கும் நனைந்தது. பெண்கள் அலறினார்கள். பெரியம்மா எந்திரிக்கப் போனார்.

“யாரும் எந்திரிக்காதீக!” என்று இவர் கத்தி, பாய்க் கயிற்றைத் தளர்த்திவிட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் நின்றுவிட்டது. காற்று எங்களைப் பக்கவாட்டில் கலிங்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே மறுகால் இழுப்பு. பாயை இறுக்கினால்தான் படகு போகும். இறுக்கினால் சாயும். பெண்களில் நாலு பேராவது வலப்பக்கம் வந்தால்தான் இறுக்க முடியும்.

இப்போது இதைச் சொல்வதற்கு வாய் இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இடப்பக்கம் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இவருக்கு மாமியார் முறை. எங்கள் பக்கம் மருமகன் மாமியாரிடம் முகம் பார்த்துப் பேச மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் மூன்றாவது ஆளிடம்தான் சொல்ல வேண்டும். இவர் பாய்மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

“கொஞ்சப் பேரு வலப்பக்கம் வந்து உக்காந்தா நல்லது.”

“யாரைச் சொல்றீக மாப்ள?” என்றார் பெரியப்பா. பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பொதுவாச் சொல்றேன் மாமா.”

“பொம்பளைக எப்படி இங்கிட்டு வந்து ஆம்பளைக கூட உக்காருவாக? கல்யாணத்துக்குப் போற நேரத்துல என்ன பேச்சு இது!”

“அப்ப ஆம்பளைக பூராம் ஓரமா நல்லா ஒட்டி உக்காருங்க மாமா.”

அவர்கள் ஒட்டித்தான் உட்கார்ந்தார்கள். போதவில்லை. இவர் என்னைப் பார்த்தார். “அவுகள்ட்டச் சொல்லு,” என்றார். நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. பாய் அந்த அடி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சித்தி, “என்னடி முணுமுணுக்குற? சாமி கும்பிடுறியா?” என்றார்.

மறுபடி சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். எத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அதனால் தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். எந்திரிக்காமல், குத்தவைத்தபடியே நகர்ந்து, தங்கச்சியின் கையைப் பிடித்தேன். கல்யாணப் பெண்ணின் கை சில்லென்று இருந்தது.

“வா,” என்றேன். “மாமன் பக்கத்துல உக்காரு. மாமன் பக்கத்துல உக்கார யாரு என்ன சொல்லப் போறாக?”

தாய்மாமன் பெரிய மீசைக்காரர். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் திறந்து, “வா தாயி,” என்று இடம் விட்டார். பெண் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். நான் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எனக்கு அப்பா முறைதானே. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் தள்ளி உட்கார் என்று சொல்லவில்லை.

பெரியம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். “அட, ஆமா! எம் பொறந்தவன் பக்கத்துல நான் உக்காந்தா எவன் என்னைக் கேக்குறது?” என்று சொல்லி, குனிந்தபடி வந்து தாய்மாமனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். “எண்ணே, மீசையத் தள்ளி வை, குத்துது.”

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஓர் அத்தை, பங்காளியில் ஒருவர் தனக்குத் தம்பி என்று அவர் பக்கம் வந்தார். யாருக்கு யார் என்ன முறை என்று எங்கள் ஊரில் எவருக்கும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு சித்தி மட்டும், “எனக்கு அங்கிட்டு ஒருத்தனும் இல்லையேடி,” என்று கவலைப்பட்டார். “நீ அங்கனயே இரு, உன் ஒருத்தி கனமே அந்தப் பக்கத்துக்குப் போதும்,” என்றார் பெரியம்மா. அந்த நடுக்கண்மாயில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

படகு நேரானது. இவர் பாயை இறுக்கினார். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் தகர டப்பாவை எடுத்து இறைத்துக்கொண்டே வந்தேன். கலிங்கு பின்னால் போய்விட்டது.

எதிர்க்கரையில் மேளக்காரரும் மாப்பிள்ளை வீட்டாரும் நின்றார்கள். எல்லோரும் இறங்கினோம். இவர் கடைசியாக இறங்கிப் படகைக் கட்டிவிட்டு, துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பெரியப்பா பெரியம்மாவின் சேலையைப் பார்த்தார்.

“நனைஞ்சிருக்கேல்ல?” என்றார்.

பெரியம்மா குனிந்து கொசுவத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். “கம்மாய்க்குள்ள போனா நனையாம நெருப்பா பிடிக்கும்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: “ஏய், நாளைக்கு மறுவீட்டுக்கு மாப்பிள்ளையையும் பொண்ணையும் இதுலதானே கூட்டிட்டுப் போகணும். யாரு எங்கிட்டு உக்காரணும்னு உம் புருஷங்கிட்ட இப்பவே கேட்டு வையி. புது மாப்பிள்ளைய அலைக்கழிக்கக் கூடாது.”

பெரியப்பா மீண்டும் ஒரு தடவை சேலையைப் பார்த்தார். படகைப் பார்த்தார். “ரெண்டாம் நடைக்கு நேரமாச்சு மாப்ள,” என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

மறுவீடு முடிந்ததும் இவர் நீளப் பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டுக் குறுக்குப் பலகைகளைத் திரும்ப அடித்தார். ஏறுகிற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. யார் பக்கத்தில் யார் என்று சொல்வது என் வேலை. பெண்கள் ஏறினால் நான் கூடவே போவேன். சத்தமாகப் பேச வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். மெலிந்தவர்களை முன்பக்க அணியத்துக்கு, கனமானவர்களை நடுவுக்கு என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. ஊருக்கு வளையல் கொண்டு வருகிற வியாபாரி ஒருவர் வந்தார். அவருக்கு எங்கள் ஊரில் ஒரு முறையும் இல்லை. அவரைப் பாய்மரத்தடியில் உட்கார வைத்தேன். அவர் வளையல் பெட்டியை இரண்டு பக்கத்துப் பெண்களும் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு மறுநாள் இவர், “தண்டல்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வாரேன். ஆள் விட்டுச் சொல்றது மரியாதை இல்ல,” என்று சட்டையைப் போட்டார். நான்தான் டம்ளரில் மோர் கொடுத்தேன். போய்ச் சொல்லிவிட்டு வருவாரா, அங்கே தோணியைப் பார்த்ததும் மனசு மாறிவிடுமா என்று கேட்கவில்லை. பழைய ஆட்கள் எல்லாம் இருப்பார்கள். ஒரே ஒரு நடை போய்விட்டு வா என்று தண்டல் சொன்னாலும் சொல்வார். ஒரு நடை என்றால் அது எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். எதிர்க்கரை வரை ஊர்ப் பையன் ஒருவன் படகில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

நாளைக்கு வருவேன் என்று சொன்னவர் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் யாரோ கூப்பிடுகிற சத்தம். கரைக்குப் போய்ப் பார்த்தேன். இவர்தான். தோளில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு துடுப்புகள், பக்கத்தில் ஒரு மூட்டை. மறுகால் அப்போது வடிந்திருந்தது. கலிங்கைச் சுற்றி நடந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தத் துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பது கஷ்டம். படகு ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் அறுப்புக்குப் போயிருந்தார்கள்.

நான் படகுக் கயிற்றை அவிழ்த்தேன். பாய் விரிக்கவில்லை. காற்றும் இல்லை, தண்ணீரும் குறைந்து கழி எங்கேயும் எட்டியது. ஒரு சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. கழியை ஊன்றித் தள்ளினேன். படகு நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனது. ஒரு தடவை சேற்றில் கழி மாட்டிக்கொண்டது. படகு போய்விட்டது, கழி நின்றுவிட்டது, கையால் தண்ணீரைத் தள்ளித் திரும்பி வந்து பிடுங்கினேன்.

இவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனதும், “கழியை ஏம் அம்புட்டு ஆழமாக் குத்துற? தொட்டுத் தள்ளினாப் போதும்,” என்றார்.

“நீங்க முதல்ல ஏறுங்க,” என்றேன். “கால நடுவுல வச்சு ஏறுங்க.”

துடுப்புகளை உள்ளே நீளமாகப் படுக்க வைத்துவிட்டு ஏறினார். கழிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.